மைக்ரோவேவ்ல சாம்பார் ஓரத்துல கொதிக்குது, நடுவுல ஐஸ் கட்டி. ஏன்?

மதுரைக்காரி:
ஃப்ரீசர்ல வச்ச சாம்பார அப்படியே டப்பாவோட மைக்ரோவேவ்ல வச்சா ஓரமெல்லாம் தளதளன்னு கொதிக்குது, நடுவுல கரண்டியே இறங்க மாட்டேங்குது. உள்ளேர்ந்து வெளிய சூடு பண்ணும்னு தானே எல்லாரும் சொல்றாங்க, அப்ப நடு தானே முதல்ல கொதிக்கணும்? ஓவன் ரிப்பேரா?

ஓம்ஸ்லா:
ரிப்பேர்லாம் இல்லங்க, அந்த உள்ளேர்ந்து வெளியங்கறது சும்மா யாரோ கெளப்பி விட்டது. அலை வெளியேர்ந்து தான் உள்ள போகுது, சாம்பார் மாதிரி தண்ணியும் உப்பும் இருக்கறதுல ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் போறதுக்குள்ள பாதிக்கு மேல தீந்துடும், மிச்ச தூரம் சூடு தானா பரவி தான் போகணும். தண்ணி மூலக்கூறுல ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ். மைக்ரோவேவோட மின்புலம் செகண்டுக்கு 245 கோடி தடவ முன்ன பின்ன மாறுது, அதுக்கேத்த மாதிரி மூலக்கூறும் திரும்ப முயற்சி பண்ணி பக்கத்துல இருக்கறதோட முட்டி மோதி தான் சூடு வருது. ஐஸ்ல அதே மூலக்கூறு ஒண்ணோட ஒண்ணு கை கோத்து நிக்குது, திரும்பவே முடியாது, அதனால ஐஸ் ரொம்ப கம்மியா தான் உறிஞ்சும். ஓரம் லேசா உருகுனா போச்சு, அந்த தண்ணியே பவர் முழுக்க வாங்கிட்டு கொதிக்கும், நடு அப்படியே கெடக்கும்.

வெட்டிஆபீசர்:
2450 மெகாஹெர்ட்ஸ், அதான் நீங்க சொன்ன செகண்டுக்கு 245 கோடி தடவ, அது தண்ணியோட ரெசொனன்ஸ் ஃப்ரீக்வன்சி, அதாவது தண்ணி மூலக்கூறு இயல்பா ஆடுற வேகம், அதனால தான் சூடாகுதுன்னு காலேஜ்ல சொல்லி குடுத்தாங்களே?

ஓம்ஸ்லா:
தப்பா சொல்லி குடுத்துருக்காங்க பாஸ். ரூம் சூட்டுல தண்ணி அதிகமா உறிஞ்சறது 20 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அதாவது 20,000 மெகாஹெர்ட்ஸ். அதுல ஓவன் செஞ்சா மேல் தோல் மட்டும் தீயும், உள்ள பச்சையா இருக்கும். 2450 ரேடியோ, போன் இதுக்கெல்லாம் இடைஞ்சல் இல்லாம இந்த மாதிரி வேலைக்குன்னு ஒதுக்குன அலைவரிசை, அவ்ளோதான். அமெரிக்கால பெரிய ஃபேக்டரி மெஷின்லாம் 915 மெகாஹெர்ட்ஸ்லயே ஓடுது, அதுலயும் தண்ணி நல்லாவே சூடாகும்.

அடுப்படி அக்கா:
மதுரைக்காரி, தியரிய விடுங்க, டீஃப்ராஸ்ட்ல போடுங்கமா. சாதா ஓவன்ல அது மேக்னட்ரான, அதாவது மைக்ரோவேவ் அலைய உண்டாக்குற பாகத்த, விட்டு விட்டு ஆன் பண்ணும், நிக்கிற நேரத்துல ஓரத்து சூடு நடுவுக்கு போகும். பாதி உருகுனதும் வெளிய எடுத்து கட்டிய ஒடச்சு கெளறி விட்டு அப்புறம் ஃபுல் பவர். அடுத்த தடவ ஃப்ரீஸ் பண்ணும்போதே ஆழ டப்பா வேணாம், அகலமான டப்பால ரெண்டு விரல் கனத்துக்கு மேல போகாம ஊத்தி வைங்க.

மதுரைக்காரி:
சரிக்கா, ஐஸ்கிரீம் டப்பால தான் இவ்ளோ நாளா வச்சுட்டு இருந்தேன், அது நல்ல ஆழம். அந்த டப்பாவ ஓவன்ல வைக்கலாமா?

அடுப்படி அக்கா:
அய்யோ வேணாம்மா, அது ஃப்ரீசருக்கு மட்டும் தான், சூட்டுல நெளிஞ்சு போயிடும். கண்ணாடி பாத்திரத்துக்கு மாத்திட்டு வைங்க.