உச்சி வெயிலில் யார் பால் வெட்டுவார்?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது வாரம் ஒரு நாள், சாயங்காலம், ஏழெட்டுப் பேர் தாசேக் வார்சிட்டி ஏரிக்கரையில் கூடுவோம். தலைவர், செயலாளர் எல்லாம் கிடையாது. கதையோ கவிதையோ எழுதி வந்தவர் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். அதுதான் பெரிய கஷ்டம். "நான் சொல்ல வந்தது அது இல்ல" என்று நாக்கு நுனிவரை வரும்.

பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் 'பேரவைக் கதைகள்' சிறுகதைப் போட்டிக்காக என் பாட்டியைப் பற்றி ஒரு கதை எழுதியிருந்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் இறக்கியவர். நானோ கிள்ளான் நகரில், தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டில் வளர்ந்தவன், ரப்பர் மரத்தைக் காரில் போகும்போது பார்த்ததோடு சரி. வாசித்து முடித்ததும் எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். ஒரு சீனியர் அக்கா மட்டும் இரண்டாம் பக்கத்தைத் திரும்ப எடுத்தார்.

"உச்சி வெயில்ல மரத்துக்கு மரம் ஓடி வெட்டினாள்னு எழுதியிருக்கியே தம்பி, அந்நேரத்துல யார் வெட்டுவா? வெயில் ஏறினா பால் நின்னுடும். பாட்டிகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. காது சூடாகிவிட்டது. நல்லா இருக்கு என்ற ஆறு பேரைவிட அந்த ஒருவர்தான் கதையை உண்மையாகப் படித்திருக்கிறார் என்பது அறைக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

அன்றிரவே பாட்டிக்குப் போன் செய்தேன். விடியுமுன்னே பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, நெற்றியில் விளக்கு, வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டுவிட்டு அப்புறம்தான் உளியை வைக்க வேண்டும், வெயில் ஏறியபின் மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கு மங்காகப் பால் எடுக்கிற வேலை, மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வெட்டே இல்லை என்று நிறுத்தாமல் சொன்னார். "ஒட்டுப்பால் வாடை சோப்பு போட்டாலும் போகாதுய்யா. உங்கப்பன் சின்னப் புள்ளயில நான் சோறு ஊட்டினா மூஞ்சியத் திருப்பிக்குவான்."

இத்தனை வருஷத்தில் அப்பா இதைச் சொன்னதே இல்லை.

வெயில் காட்சியைத் தூக்கிவிட்டு, பிள்ளை முகத்தைத் திருப்பும் இடத்தில் கதையைத் தொடங்கினேன். அடுத்த வாரம் வாசித்தபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடைசிப் பத்தி வேணாம், எடுத்துடு" என்றார். எடுத்தேன். பரிசு கிடைக்கவில்லை.

தீபாவளிக்குப் போனபோது பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். உள்ளங்கை வாடை என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"உள்ளங்கையில இல்லய்யா, விரல் இடுக்குலதான் இருக்கும். மாத்தி எழுது."