மரண அறிவித்தலில் ஆடி, திதி வெண்பாவில் ஆனி: எதைத் திருத்துவது?

கேள்வி (உப்புவெளி):
எனது தந்தையார் 2025 யூலை 5ஆம் திகதி பகலில் இறைபதம் எய்தினார். மரண அறிவித்தலில் "ஆடி 5" என்று போட்டிருந்தோம். இப்பொழுது 31ஆம் நாள் கல்வெட்டு (நினைவு மலர்) அச்சகத்தில் இருக்கிறது. அதிலுள்ள திதி வெண்பாவோ (இறந்த நாளின் ஆண்டு, மாதம், திதியைச் சொல்லும் பாடல்) "விசுவாவசு வருடம், ஆனி, பூர்வபட்சத் (வளர்பிறைத்) தசமி" என்கிறது. ஒரே குடும்பம் இரண்டு மாதம் சொன்னால் ஊர் சிரிக்கும், வெண்பாவைத் திருத்து என்கிறார் சித்தப்பா. அத்துடன் மெய்ப்பில் "5ம் திகதி", "5ந் திகதி", "5ஆம் திகதி" என மூன்று வடிவங்கள் கலந்து கிடக்கின்றன. எதை வைத்துக்கொள்வது?

மறுமொழி (தம்பலகாமம்):
வெண்பாவில் கைவைக்க வேண்டாம். யனவரி முதல் திசெம்பர் வரையான மாதங்களைத் தை முதல் மார்கழி வரையான பெயர்களால் குறிப்பது இலங்கையில் நெடுநாள் வழக்கம். ஆழிப்பேரலை வந்த நாளை நாம் "மார்கழி 26" என்று எழுதுவதும் அவ்வாறுதான், பஞ்சாங்கப்படி அது மார்கழியின் முற்பாதி. பஞ்சாங்கத்தின் ஆடி, சூரியன் கடகத்தில் புகும்போதே பிறக்கிறது. ஆடிக்கூழை யூலை நடுப்பகுதியில்தானே காய்ச்சுகிறோம், முதலாம் திகதியில் அல்லவே! ஆகவே யூலை 5 பஞ்சாங்கப்படி ஆனியே. இறப்பு 20ஆம் திகதி நிகழ்ந்திருந்தால் இரண்டிலும் ஆடி என்றே வந்திருக்கும், இந்தக் கேள்வியும் எழுந்திராது.

ஆனியை ஆடியாக்கினால் தளை தட்டாது, அதாவது வெண்பாவின் ஓசை கெடாது, இரண்டும் தேமா என்னும் ஒரே சீர் வாய்பாடு. அச்சொல் எதுகையில் (இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் இடத்தில்) நின்றால் மட்டுமே பிழை அகப்படும். ஆனால் ஆண்டுத் திவசத்தை ஆனி மாதப் பூர்வபட்சத் தசமியில் பார்க்க வேண்டும், அடுத்த ஆண்டு அது யூன் பிற்பகுதியில் வருகிறது. கல்வெட்டில் ஆடி என்றிருந்தால் பிள்ளைகள் ஒரு மாதம் பிந்தித் தேடுவார்கள். உரைநடைப் பகுதியில் "யூலை 5" என்று மாற்றிவிடுங்கள்.

மறுமொழி (சாம்பல்தீவு):
"ஆம்" என்பது "ஆகும்" என்பதன் குறுக்கம். ஐந்து ஆகும் திகதி, ஐந்தாம் திகதி. அந்த மகரம் தகரத்தின் முன் நகரமாகத் திரிய, "ஐந்தாந் திகதி" என்றாகும். பழைய பத்திரிகைகளின் "5ந் திகதி" அதன் சுருக்கெழுத்தே, எனவே அதனைப் பிழையென்று ஒதுக்க இயலாது. "5ம்" என்பதை மட்டும் தவிர்க்கலாம், ஏனெனில் அதனை "ஐந்தும்" என்றும் வாசிக்க இடமுண்டு. "5ஆம்" என்பதில் அந்த மயக்கம் இல்லை.

மாதப் பெயர்களுக்கு இலக்கணத்தில் தனியிடமே உண்டு. திங்கட்பெயரின் பின் "இக்கு" என்னும் சாரியையும் (சொற்களை இணைக்க இடையில் வரும் உறுப்பு) நாள்மீன் (நட்சத்திரப்) பெயரின் பின் "ஆன்" சாரியையும் வரும் என்பது தொல்காப்பிய விதி. "ஆடிக்குக் கொண்டான்", "பரணியாற் கொண்டான்" என்பன உரைகாரர் காட்டுகள். முதலாவது இன்று நமக்கு நான்காம் வேற்றுமைபோலத் தோன்றினாலும், ஆடியில் கொண்டான் என்பதே பொருள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. உரைநடையில் "யூலை 5ஆம் திகதி" என மாற்றச் சொல்லிவிட்டேன். வெண்பா அப்படியே இருக்கிறது. அடுத்த ஆண்டுத் திவசம் யூனில் வரும் என்று சித்தப்பாவிடம் சொன்னபோது, அவர் மறுபேச்சின்றிப் பஞ்சாங்கத்தை எடுத்து வரச் சொன்னார்.