ஞாயிறு காதுகுத்து – குடும்பக் குரூப்

ராஜாமணி: சரவணன் நாலு நாளாக மாடிப்படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழவன் மாதிரி இறங்குகிறான். முட்டி வலியாம். ஞாயிற்றுக்கிழமை குழந்தையை மடியில் வைத்து உட்கார வேண்டியவன். யாராவது கேளுங்கள்.

சரவணன்: அம்மா, இதை எதற்குக் குரூப்பில் போட்டாய்

மல்லிகா பெரியம்மா: என்னாச்சு சாமி

சரவணன்: ஒன்றுமில்லை பெரியம்மா. போன ஞாயிறு கொல்லிமலை போனேன். சைக்கிளில்.

விக்கி: 70 வளைவுமா

சரவணன்: முழுசும். 50 வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மிதிக்க மிதிக்க முட்டிச் சில்லுக்குக் கீழே ஊசி ஏற்றுகிற மாதிரி. எப்படியோ சோளக்காடு போய்ச் சேர்ந்தேன். இறங்கும்போது பலாப்பழ டெம்போவில் சைக்கிளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மல்லிகா பெரியம்மா: பலாப்பழம் வாங்கி வந்தாயா

கோவிந்தன் மாமா: என்ன விலை சொன்னான்

செல்வி: தம்பி, நிஜமாகவே வலியா? இல்லை சீர் செய்யாமல் தப்பிக்கவா

சரவணன்: அக்கா!!

கோவிந்தன் மாமா: 62 ஆயிரத்துக்கு சைக்கிள். அன்றைக்கே சொன்னேன், பைக் எடு என்று. இந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்கிறார்கள்.

ராஜாமணி: அண்ணா, அதை இப்போது ஆரம்பிக்காதே

மல்லிகா பெரியம்மா: கொல்லிமலைக்கே போயிருக்கிறான், முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்காமலா வந்தான்? வழியெல்லாம் விற்பார்களே. முட்டிக்கு அதுதான் மருந்து. நொச்சி இலை ஒத்தடமும் கொடு ராஜாமணி.

சரவணன்: ரெண்டு டம்ளர் குடித்தேன் பெரியம்மா. மிளகு தூக்கலாக நன்றாகத்தான் இருந்தது. வலி அப்படியே இருக்கிறது.

தேவி: இப்போதுதான் கிளினிக் முடிந்தது. எல்லாவற்றையும் படித்தேன். சரவணா, வலி சில்லுக்கு முன்பக்கமா பின்பக்கமா? வீக்கம் இருக்கிறதா? மடக்கினால் நடுவில் மாட்டிக்கொள்கிறதா?

சரவணன்: முன்பக்கம். வீக்கம் இல்லை. மாட்டவில்லை. படி இறங்கும்போதும், உட்கார்ந்து எழும்போதும்தான்.

தேவி: அப்படியென்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, சீட் தாழ்வாக இருப்பது. சீட் தாழ்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அதிகமாக மடங்கும், சில்லு தொடை எலும்போடு அழுந்தும். ஒரு மிதிக்குத் தெரியாது. மலை ஏறும்போது ஆயிரக்கணக்கில் மிதிக்கிறாய். சீட் உயரமாக இருந்தால் வலி பொதுவாக முட்டிக்குப் பின்னால் வரும், உனக்கு முன்னால். இரண்டாவது, கனமான கியர். ஏற்றத்தில் பெடலை நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றினாய்?

சரவணன்: வாட்சில் 45 காட்டியது

தேவி: அதுதான் கேட்டேன். 70க்காவது கொண்டு வா. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரியது. அதுவும் போதவில்லையென்றால் பின்னால் இன்னும் பெரிய 34 பல் சக்கரம் போட முடியுமா என்று கடையில் கேள். சைக்கிள் மெதுவாகப் போனால் போகட்டும். நின்றுகொண்டு முழு எடையையும் போட்டு மிதிக்காதே. இந்த வாரம் ஏற்றமே வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வை. மல்லாந்து படுத்து, காலை நீட்டியபடி ஒரு சாண் தூக்கி இறக்கு, வலிக்காத அளவுக்கு. வீங்கினாலோ, ரெண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ எலும்பு டாக்டரைப் பார்.

விக்கி: அக்கா, இது மெசேஜா பரீட்சை நோட்ஸா

தேவி: நீ வாயை மூடு

சரவணன்: சீட் சரியாகத்தான் இருந்தது. சேலம் கடையில் அளந்து வைத்தது.

தேவி: சுவரில் சாய்த்து ஏறி உட்கார். குதிகாலை பெடலில் வை. பெடல் அடியில் இருக்கும்போது கால் முழுசாக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்தால் முட்டி லேசாக மடங்கும். போய்ப் பார்த்துவிட்டு வா.

கோவிந்தன் மாமா: வேன் 5 மணிக்கா 6 மணிக்கா? டிரைவர் கேட்கிறார்

ராஜாமணி: 5. பூசாரி வெயிலுக்கு முன் முடிக்கச் சொல்கிறார்

செல்வி: 5க்கு குழந்தை எழுந்தால் பார்க்கலாம்

சரவணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விக்கி: அண்ணா, நான் படித்துவிட்டேன்

செல்வி: என்ன அது

சரவணன்: ஒன்றுமில்லை. சீட் கம்பியில் கருப்பு டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தேன். டேப் உள்ளே போயிருக்கிறது. இரண்டு விரல் இறங்கியிருக்கிறது.

சுந்தர்: தம்பி, அது நான்தான். பத்திரிகை கொடுக்க வந்தபோது டீக்கடை வரைக்கும் எடுத்துக்கொண்டு போனேன். திரும்ப ஏற்றி வைக்க மறந்துவிட்டேன்.

செல்வி: அப்போதே சொன்னேன், உங்களுக்கு எட்டாது என்று

சரவணன்: ஐயோ பரவாயில்லை மாமா. நான்தான் பார்த்திருக்க வேண்டும். கால் மடங்கியே இருந்தது, புது ஷார்ட்ஸால் என்று நினைத்தேன்.

ராஜாமணி: மாப்பிள்ளை, நீங்கள் ஒன்றும் நினைக்காதீர்கள்

மல்லிகா பெரியம்மா: சரி, ஞாயிறு அவன் சம்மணம் போடலாமா கூடாதா தேவி

தேவி: கூடாதும்மா. குழந்தையும் துள்ளும், பாரம் கூடும். நாற்காலியில் உட்காரட்டும்.

ராஜாமணி: தாய்மாமன் நாற்காலியிலா? சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள்

விக்கி: சம்பந்தி வீட்டுக்காரர் குரூப்பில்தான் இருக்கிறார் சித்தி

சுந்தர்: எங்களுக்கு ஆட்சேபணை இல்லை அத்தை. அம்மாவிடம் மட்டும் கேட்டுச் சொல்கிறேன்.

கோவிந்தன் மாமா: விக்கி உட்காரலாமே. அவனும் தாய்மாமன் முறைதான்.

செல்வி: கூடப் பிறந்தவன் இருக்கும்போது எதற்கு மாமா?

விக்கி: நான் ரெடி. சீர் மட்டும் அண்ணன் கணக்கில்.

சரவணன்: சனிக்கிழமை வரை பார்க்கலாம். ஐஸ் வைத்தால் குறைகிறது.

மல்லிகா பெரியம்மா: பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது? போன கிடாவெட்டுக்கு எடுத்தது இன்னும் திரும்பி வரவில்லை.

கோவிந்தன் மாமா: என் வீட்டில் இல்லை

ராஜாமணி: நான் கேட்கவே இல்லையே அண்ணா

ராஜாமணி: நாற்காலி சொல்லவா வேண்டாமா? ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

விக்கி: அப்போ வேன் 5ஆ 6ஆ