கடைசி ஆணிப் படத்தில் நிற்பது யாருடைய கனடா?

பனிமலை:
நேற்று இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார்: "கனடிய பசிபிக் ரயில் பாதை இல்லையென்றால் கனடா என்ற நாடே இல்லை. 1885இல் பாதை முடிந்தபோது கடைசி ஆணி அடிக்கிற படத்தைப் பாருங்கள், முழு நாடும் அதில் நிற்கிறது." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஃப்ரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாறையை வெடிவைத்துப் பிளந்தவர்கள் சீனர்கள். சுமார் 15,000 பேர். குறைந்தது 600 பேர் செத்தார்கள். அந்தப் படத்தில் ஒரு சீனராவது இருக்கிறாரா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ரயிலடி:
எழுதியது நான்தான், நேராகவே கேட்டிருக்கலாம். 1871இல் பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவில் சேர்ந்ததே பத்து வருடத்தில் ரயில் வந்துவிடும் என்ற வாக்குறுதியை நம்பித்தான். அதற்கு நாலு வருடம் முன்புதான் அமெரிக்கா அலாஸ்காவை வாங்கியிருந்தது. வடக்கிலும் தெற்கிலும் அவர்கள், நடுவில் கொலம்பியா. ரயில் வரவில்லை என்றால் அது எந்தப் பக்கம் போயிருக்கும்? படத்துக்கு வருகிறேன். சீனர்களை வைத்து மேற்கிலிருந்து வேலை பார்த்த ஒப்பந்தக்காரர் ஆண்டர்டாங்கிடம் செப்டம்பர் கடைசியில் தண்டவாளம் தீர்ந்துபோனது. ஆட்களை அப்போதே அனுப்பிவிட்டார். படம் எடுத்தது நவம்பர் 7. ஆணி அடித்த கிரெய்கெல்லாக்கியில் அன்று இல்லாதவர்கள் படத்தில் எப்படி இருப்பார்கள்?

பனிமலை:
சரி, வேலை பார்த்தவர்கள்தான் படத்தில் நிற்க வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். சுத்தியல் பிடித்திருக்கும் கம்பெனி இயக்குநர் டொனால்ட் ஸ்மித்துக்குப் பின்னால் ஒரு பையன் எட்டிப் பார்க்கிறானே, அவன் எத்தனை மைல் பாதை போட்டான்? எட்வர்ட் மல்லண்டைன், 18 வயது. அந்த வருடம் லூயி ரியெல் தலைமையில் மேட்டிக்கள் (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு மக்கள்) செய்த கிளர்ச்சியை எதிர்த்துச் சண்டை போடக் கிளம்பி, நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் அந்தப் பக்கமே தங்கிவிட்டவன். அவனுக்கு இடம் இருந்தது. சீனருக்கு இல்லை.

ரயிலடி:
அதே நாளில் தொழிலாளர்கள் தாங்களே ஓர் ஆணியை வைத்துக்கொண்டு இன்னொரு படம் எடுத்தார்கள். கோட்டும் தொப்பியும் போட்ட கனவான்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்பது பொய்.

பனிமலை:
கனவான்கள் பற்றி நான் கேட்கவே இல்லை. அந்த இரண்டாவது படத்தில்தான் ஒரு சீன முகத்தைக் காட்டுங்களேன்.

தூரப்பயணி:
இவ்வளவு சண்டை தேவையா? தங்க ஆணி அடித்த அந்த நாளை இன்றைக்கும் கொண்டாடுகிறார்களே.

ரயிலடி:
தங்க ஆணி அமெரிக்காவில், 1869இல், யூட்டாவில். கனடாவில் அடித்தது சாதாரண இரும்பு ஆணி. ஸ்மித் அடித்த முதல் ஆணி வளைந்துபோய், வேறொன்று வைத்து அடித்தார்கள். ஆடம்பரம் வேண்டாம் என்று நினைத்த வேலை அது. வரலாறு பேச வருகிறவர்கள் இதையாவது படித்துவிட்டு வரலாம்.

தூரப்பயணி:
பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரலுக்காக வெள்ளி ஆணி செய்து வைத்திருந்தார்களே, அவரால் வர முடியவில்லை. அது ஆடம்பரம் இல்லையா? எல்லாம் தெரிந்தவர் மாதிரிப் பேசாதீர்கள்.

வின்னிபெக்வாசி:
ஆணி இரும்பாக இருந்தால் என்ன, வெள்ளியாக இருந்தால் என்ன? காசு யாருடையது என்று கேளுங்கள். கம்பெனிக்கு அரசு கொடுத்தது இரண்டரைக் கோடி டாலர், இரண்டரைக் கோடி ஏக்கர் நிலம். அதற்கு மேல், 20 வருடத்துக்கு அவர்கள் பாதைக்குத் தெற்கே போட்டியாக யாரும் ரயில் விடக் கூடாது என்று ஒரு ஷரத்து. மானிடோபா விவசாயி, கம்பெனி கேட்ட ரயில் வாடகையைக் கொடுத்துத்தான் கோதுமையை அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் மாகாணம் சண்டை போட்டு 1888இல் அதை நீக்க வைத்தது. மேற்கு மாகாணங்களுக்கு ஒட்டாவாவின் மத்திய அரசு மேல் இருக்கும் கசப்பில் பாதி அந்த ரயிலில் வந்து இறங்கியதுதான்.

ரயிலடி:
சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே நூற்றுக்கணக்கான மைல் வெறும் பாறையும் சதுப்பும். சலுகை இல்லாமல் எந்த முதலாளி அங்கே பணம் போடுவான்? 1885 வசந்தத்தில் படையை மேற்கே கொண்டுபோனது இதே ரயில்தான். பாதை முடியாத இடங்களில் பனியில் நடந்தும் சறுக்குவண்டியிலும் போய்ச் சேர்ந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் திவாலாகும் நிலையில் இருந்த கம்பெனிக்குப் பாராளுமன்றம் மறுபடி கடன் கொடுத்தது. நாட்டைக் காப்பாற்றிய ரயில் அது.

ஆற்றங்கரை:
அந்தப் படை யாரை அடக்கப் போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. தங்கள் நிலத்துக்கு உரிமை கேட்ட மேட்டிக்களை. கடைசி ஆணி அடித்து ஒன்பதாம் நாள் லூயி ரியெலை ரெஜைனாவில் தூக்கில் போட்டார்கள். அவரைப் போலவே பிரெஞ்சு பேசும் கியூபெக் கொதித்தது. எருமைக் கூட்டம் அழிந்து பட்டினி கிடந்த பூர்வகுடிகளுக்கு உணவைக் கொடுக்காமல் இழுத்தடித்து, பாதை போகிற இடத்திலிருந்து நகர வைத்ததும் அதே பிரதமர் மெக்டொனால்ட் அரசுதான். இதற்குப் பெயர் ஒற்றுமையா?

ரயிலடி:
இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 1885ஐப் பார்க்கிறீர்கள். எந்த நாடு சுத்தமான கையோடு உருவானது? நீங்கள் வான்கூவரில் வீடு வாங்க முடிந்ததற்கும் அந்த ரயில்தான் காரணம். 1887இல் முதல் ரயில் வருவதற்கு முன்னால் அது ஒரு சின்ன மர ஆலை ஊர்.

ஆற்றங்கரை:
என் வீடு எதற்கு இங்கே வருகிறது? போன மாதம் நீங்கள் ரியெலைத் துரோகி என்று எழுதியதை நான் மறக்கவில்லை.

பனிமலை:
எல்லோரும் எங்கெங்கோ போய்விட்டீர்கள். என் கேள்வி அங்கேயே கிடக்கிறது. சீனருக்கு ஒரு நாள் கூலி ஒரு டாலர், சாப்பாடும் கருவிகளும் அவர்கள் செலவு. வெள்ளையருக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை டாலர். இந்த ஆட்கள் இல்லையென்றால் ரயிலே கிடையாது என்ற பொருளில் 1882இல் பாராளுமன்றத்தில் பேசியவர் மெக்டொனால்ட். அவர் ஆட்சியே 1885 ஜூலையில், கனடாவுக்குள் வரும் சீனர் தலைக்கு 50 டாலர் வரி போட்டது. நவம்பரில் ஆணி அடித்துப் படம் எடுத்தார்கள். 1903க்குள் அந்த வரி 500 டாலர். 1923இல் கதவையே சாத்தினார்கள். ஜூலையில் "இனி வராதே" என்று சட்டம் போட்டவர்கள், தண்டவாளம் தீராமல் இருந்திருந்தால் நவம்பரில் கூப்பிட்டுப் படத்தில் நிற்க வைத்திருப்பார்களா?

ரயிலடி:
மறுபடியும் சொல்கிறேன். அவர்கள் வேலை செப்டம்பரில் முடிந்துவிட்டது. அன்று அந்த இடத்தில் இல்லை.

பனிமலை:
மல்லண்டைனுக்கு எந்த மாதம் வேலை முடிந்தது?

வின்னிபெக்வாசி:
கோதுமை வாடகைக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.