வீட்டுக்குள் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்):

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு நான்கு வயது. மாமனார் மாமியாருக்கு வரும் தை மாதம் சதாபிஷேகம். மண்டபம் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்குள் ஒரு நல்ல கேமரா வாங்க வேண்டும். ஐம்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரம் வரை செலவழிக்க முடியும்.

எங்களுடையது பாடலீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில் பழைய ஓட்டு வீடு. முற்றத்தில் பகல் வெளிச்சம் நன்றாக விழும். கூடத்துக்குக் கிழக்கே பார்த்த ஒரே ஜன்னல்தான். முற்றத்தில் எடுத்தால் கைப்பேசிப் படம் அழகாகவே வருகிறது. விளக்கு வைத்த பிறகு கூடத்தில் எடுத்தால்தான் வருத்தம்: மகள் ஓடினால் முகம் எது, கை எது என்று தெரியாமல் கலங்கிவிடுகிறது. மாமியாரின் முகச் சுருக்கங்களையெல்லாம் கைப்பேசி மெழுகிவிடுகிறது. அந்தச் சுருக்கங்களோடுதான் என் மகள் தன் பாட்டியை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஒரு கடையில் நாற்பது மடங்கு ஜூம் உள்ள கேமராவைக் காட்டுகிறார்கள். இன்னொரு கடையில் இரண்டு லென்ஸோடு டி.எஸ்.எல்.ஆர். தருகிறேன் என்கிறார்கள். எதை வாங்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர் வாசி:

அக்கா, அந்தப் பணத்துக்கு நல்ல கைப்பேசியே வாங்கிவிடலாம். எப்போதும் கையில் இருக்கும். ஆல்பத்தில் ஒட்டுகிற நாலுக்கு ஆறு அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சடிக்க இரண்டு மெகாபிக்சல் சொச்சம் போதும். தனிக் கேமரா பீரோவில்தான் தூங்கும்.

பழைய ஸ்டுடியோ (மஞ்சக்குப்பம்):

மேலே தம்பி அச்சைப் பற்றிச் சொன்ன கணக்கு சரி. ஆனால் கைப்பேசியே போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அம்மா கேட்பது கூடத்துப் படம். கைப்பேசியின் இரவு முறை அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத கோபுரத்துக்கு அது அருமையாக வரும். ஓடுகிற குழந்தைக்கு வராது.

பிலிம் காலத்திலிருந்து ஸ்டுடியோ நடத்தியவன் நான். திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள்தோறும் ஓமப் புகைக்கு நடுவே நின்று எடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், வீட்டுப் படத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது கேமரா எவ்வளவு வெளிச்சத்தை வாங்குகிறது என்பதைத்தான். மெகாபிக்சலும் ஜூமும் அதற்கு அப்புறம். வெளிச்சம் வாங்குபவை இரண்டு: படத்தைப் பதிவு செய்யும் சில்லான சென்சாரின் பரப்பு, லென்ஸின் திறப்பு.

கடையில் காட்டிய நாற்பது மடங்கு ஜூம் வகைக் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது சுமார் 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் உள்ள சென்சார். சிறுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஏ.பி.எஸ்.-சி என்ற அளவில் வரும் சென்சார் சுமார் 23.5க்கு 15.6 மி.மீ. பரப்பில் ஏறத்தாழ 13 மடங்கு பெரியது. அத்தனை ஜூம் மரத்து உச்சியில் இருக்கும் பறவைக்கு உதவும். கூடத்தில் இருக்கும் பேத்தியை எடுக்க நாம் இரண்டு அடி முன்னால் போனால் போதும். ஆகவே அதை விட்டுவிடுங்கள்.

இரண்டு லென்ஸ் டி.எஸ்.எல்.ஆர். மோசமில்லை, ஆனால் கூடத்துக்கு உதவாது. கூடவே தரும் கிட் லென்ஸ், ஜூம் செய்யச் செய்ய எஃப் 5.6 வரை சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சின்னது). எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். அதாவது கிட் லென்ஸில் 1/25 நொடி கேட்கும் அதே கூடத்தில் இதில் 1/250 நொடியில் எடுத்துவிடலாம். ஓடும் குழந்தை கலங்காமல் வர அந்த 1/250 வேண்டும். இரண்டாவதாகத் தரும் தூரத்து லென்ஸும் வெளிச்சத்தில் கஞ்சம்தான்.

இன்னொன்று. விலை குறைந்த டி.எஸ்.எல்.ஆர்.களில் ஃபோகஸ் புள்ளிகள் குறைவு. கேனன் 1500டி-யில் மொத்தமே ஒன்பது. குழந்தை நகர்ந்தால் ஃபோகஸ் பின்னால் இருக்கும் தூணில் போய் உட்காரும். இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் (டி.எஸ்.எல்.ஆர். போல உள்ளே கண்ணாடி இல்லாதவை) கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடர்கின்றன. ஸ்டுடியோ நடத்திய காலத்தில் இந்த ஒரு வசதி இருந்திருந்தால் எத்தனை காதுகுத்துப் படங்கள் தப்பித்திருக்கும் என்று இன்றும் ஏங்குகிறேன்.

என் யோசனை: ஏ.பி.எஸ்.-சி சென்சார் உள்ள ஒரு மிரர்லெஸ், அதோடு ஜூம் இல்லாத ஒரே ஒரு வெளிச்ச லென்ஸ். கேனன் ஆர் 50, நிக்கான் இசட் 50 இரண்டிலும் கண்வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் உண்டு; முற்றத்து வெயிலில் பின்திரை சரியாகத் தெரியாது என்பதால் அது அவசியம். சோனி இசட்.வி.-இ10, நிக்கான் இசட் 30 இரண்டிலும் அது கிடையாது. லென்ஸ் வாங்கும்போது கவனம். எல்லோரும் விலை மலிவு என்று 50 மி.மீ. வாங்கச் சொல்வார்கள். இந்த மி.மீ. எண் கூடக் கூடப் பார்வை குறுகும். கேனனின் ஏ.பி.எஸ்.-சி-யில் அது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும், உங்கள் கூடத்தில் நாலு பேரை நிறுத்தி எடுக்கப் பின்வாங்கினால் முதுகு சுவரில் முட்டும். நிக்கானில் 24 மி.மீ. எஃப் 1.7 என்று ஒரு சிறிய லென்ஸ் இருக்கிறது. அது 36 மி.மீ. பார்வை தரும், ஓட்டு வீட்டுக் கூடத்துக்கு அளவெடுத்தது போல இருக்கும். உங்கள் தொகைக்குள் இரண்டும் புதிதாகக் கிடைக்காவிட்டால், பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) பழையதாக வாங்கி லென்ஸைப் புதிதாக வாங்குங்கள். தலைகீழாகச் செய்ய வேண்டாம்.

கெடிலக்கரை:

மிக்க நன்றி ஐயா. இவ்வளவு பொறுமையாக எந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை. இரண்டு சந்தேகங்கள். விசேஷத்தன்று தனி ஃபிளாஷ் வேண்டுமா? கடற்காற்றில் இவ்வளவு விலை கொடுத்த பொருளை எப்படிப் பாதுகாப்பது?

பழைய ஸ்டுடியோ:

ஃபிளாஷை மேலே திருப்பி விட்டத்தில் அடித்துத் திரும்பி வரச் செய்வதுதான் அழகு. அதற்கு வெள்ளையடித்த தட்டையான தளம் வேண்டும். உங்கள் ஓடு வெளிச்சத்தைக் குடித்துவிடும். அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். கலச நீர் ஊற்றுவதை முற்றத்தில் வையுங்கள். பெரியவர்களைத் தனியாக எடுக்கக் காலையில் அந்தக் கிழக்கு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியும், முகமும் கனிவாக இருக்கும்.

கூடத்து எல்.இ.டி. விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழுந்தால் பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களை எடுக்கும்போது ஷட்டரை 1/100 அல்லது 1/50க்கு மாற்றினால் பட்டை போய்விடும்.

வெள்ளிக் கடற்கரைக்குப் போனால், காலையில் சூரியன் கடல் பக்கம் இருக்கும். கடலைப் பின்னால் வைத்தால் முகம் இருண்டுவிடும். மாலையில் போங்கள்; மேற்கிலிருந்து வரும் வெளிச்சம் நேரே முகத்தில் விழும்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

அக்கா, பாதுகாப்பைப் பற்றி நான் சொல்கிறேன். நான் கேமரா பழுது பார்க்கிறவன். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் என்னிடம் வரும் லென்ஸ்களில் அதிகம் பார்ப்பது பூஞ்சை. கண்ணாடிக்குள் சிலந்தி வலை போலப் படரும். முற்றிவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்; அதைச் சுத்தம் செய்தாலும் பழைய தெளிவு வராது. பூஞ்சைக்குத் தேவை ஈரமும் இருட்டும். நாம் கேமராவைத் தோல் பையில் போட்டு பீரோவுக்குள் வைத்து இரண்டையும் கொடுக்கிறோம்.

ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத டப்பா ஒன்று வாங்குங்கள். சமையலறையில் பருப்புக்கு வாங்குவதே போதும். உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் வையுங்கள். மீட்டர் 40-லிருந்து 50 சதவீதம் வரை நிற்க வேண்டும். ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்கடி பாருங்கள். கடற்கரையில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள். வீடு திரும்பியதும் பிழிந்த ஈரத்துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடைத்து, உலர்ந்த பிறகு உள்ளே வையுங்கள். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒருமுறையாவது எடுத்துப் படம் பிடிப்பது.

பழைய பாடி வாங்கும்போது லென்ஸைக் கழற்றச் சொல்லி, அது மாட்டும் உலோக வளையத்தைப் பாருங்கள். உப்புப் பூத்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். புதிதாக வாங்கினால் ஜி.எஸ்.டி. பில்லும் இந்திய வாரண்டியும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வில்லியனூர் வாசி:

அக்கா, இதையெல்லாம் படித்த பிறகு நானும் பெரியவர் பக்கம்தான். எடுக்கும் படங்களைப் பத்திரப்படுத்துவதையும் சொல்லிவிடுங்கள் ஐயா.

பழைய ஸ்டுடியோ:

அதைச் சொல்லத்தான் வேண்டும். 2011 தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் நம் மாவட்டத்தில் எத்தனை ஆல்பங்கள் போயின! ஒட்டிப்போன ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றவர்களின் முகம் எனக்கு மறக்கவில்லை. ஸ்டுடியோவில் கழுவிய பழைய படங்கள் என்றால், குளிர்ந்த சுத்தமான நீரில் ஊறவைத்து மெல்லப் பிரித்தால் பல சமயம் பிழைத்துவிடும். இன்க்ஜெட்டில் அச்சடித்தவை நீர் பட்டால் கரைந்துவிடும், ஊறவைக்கக் கூடாது.

மெமரி கார்டைப் பெட்டகமாக நினைக்காதீர்கள். விசேஷம் முடிந்த அன்றே கணினியில் ஒரு பிரதி, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி. இன்னொரு பிரதி கடலூருக்கு வெளியே, விழுப்புரத்திலோ சேலத்திலோ இருக்கும் உறவினர் வீட்டில். ஒரே வெள்ளம் மூன்றையும் கொண்டுபோகக் கூடாது. பிடித்த படங்களை ஸ்டுடியோவில் கொடுத்து அச்சடியுங்கள். மாமியார் முகத்தை எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் போடுங்கள். அதற்கு ஒன்பது மெகாபிக்சல் இருந்தால் தாராளம், நீங்கள் வாங்கும் எந்தக் கேமராவிலும் அதற்கு மேலேயே இருக்கும். கேமராவைத் தைக்கு முன்பே, கார்த்திகையிலேயே வாங்கிவிடுங்கள். விசேஷத்துக்குள் கை பழக வேண்டும்.