மறு: சுண்டெலிக் கட்டுரைக்குச் சொல் வேண்டும் – 'பதற்றச் சாயல்' சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

> "சுண்டெலியின் மனக்கவலைக்கு மரபணுவும் குடல் பாக்டீரியாவும் காரணம்" என்று எழுதலாமா?

வேண்டாம் என்பேன். கவலைப்பட, ஒன்றையே நினைத்து நினைத்து மாயும் மனம் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் யாரும் எலியின் மனத்தை அளப்பதில்லை. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய கூட்டல்குறிப் பாதையில் அதை விடுகிறார்கள். இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. சுவரில்லாத கைகளில் எவ்வளவு நேரம் உலாவியது என்பதே கணக்கு. அதனால்தான் ஆங்கிலத்தில் 'ஆங்சைட்டி'யோடு (பதற்றம்) 'லைக்' (போன்ற) என்று ஒரு ஒட்டு வைத்து எழுதுகிறார்கள். தமிழில் முதலில் காணாமல் போவது அந்த ஒட்டுதான்.

'அச்சம்' ஆகாது. ஒலியோடு மின்னதிர்ச்சியைப் பழக்கி, பிறகு ஒலிக்கே எலி உறைந்து நிற்பதை அளக்கும் சோதனைக்கு அந்தச் சொல் தேவை. இலங்கையில் வழங்கும் 'பதகளிப்பு' எனக்குப் பிடித்த சொல், ஆனால் தமிழ்நாட்டில் பலருக்குப் புரியாது. 'பதற்றம்' எல்லைத் தகராறுக்கும் வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். வரட்டும், கூட்டுச்சொல்லுக்குள் போனால் குழப்பம் தீரும். 'பதற்றப்போலி' என்று முதலில் யோசித்தேன். இலக்கணத்தில் போலி கௌரவமான சொல்தான், ஆனால் இன்றைய வாசகர் எலி நடிக்கிறது என்று நினைப்பார். ஆகவே 'பதற்றச் சாயல்'. சாயல் கூடும், குறையும், வாக்கியத்தில் மடங்கிக் கொடுக்கும்.

ஓட்டிப் பார்ப்போம். 2011இல் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் கூச்ச சுபாவமுள்ள பால்ப்-சி எலிகளையும் துணிந்து சுற்றும் என்.ஐ.எச். ஸ்விஸ் எலிகளையும் நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்து, ஒன்றின் குடல் நுண்ணுயிர்களை மற்றதற்குக் கொடுத்தார்கள். பால்ப்-சியின் பதற்றச் சாயல் குறைந்தது, ஸ்விஸ்ஸுக்குக் கூடியது. உறுத்தவில்லை, இல்லையா?

இந்த இடத்தில் 'ஸ்ட்ரெஸ்'ஸுக்கு வழங்கும் 'மன அழுத்தம்' நுழைந்தால் கட்டுரையே கவிழும். 2004இல் கியூஷு பல்கலைக்கழக ஆய்வில், நுண்ணுயிரற்ற எலிகளை அடைத்து வைத்தபோது நெருக்கடி ஹார்மோன்கள் வழக்கத்தைவிட அதிகம் சுரந்தன. 2011இல் கரோலின்ஸ்காவில், நுண்ணுயிரற்ற எலிகள் திறந்த கைகளில் கூடுதலாக உலாவின. முதலாவதை 'நெருக்கடித் துலங்கல்' என்றும் இரண்டாவதைப் பதற்றச் சாயல் என்றும் பிரித்தால் முரண் இல்லை. ஒரே சொல் போட்டால் வாசகர் எதை நம்புவார்? (கவனிக்க: 'கிருமியற்ற' என்று எழுதவில்லை. கிருமி என்றாலே நோய்தான் நினைவுக்கு வரும்.)

கடைசியாக, 'காரணம்' என்ற சொல். எலிகள் ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்பவை. ஒரே கூண்டில் இருந்தால் நுண்ணுயிர்களும் கலந்துவிடும். தாயிடமிருந்து குட்டிக்கு மரபணுவும் வருகிறது, நுண்ணுயிரும் வருகிறது. எட்டு மூதாதைக் கால்வழிகளை (எலி இனவகைகளை) கலந்து உருவாக்கிய எலிகளில் பெரிய அளவில் ஒப்பிட்டாலும் முதலில் கிடைப்பது தொடர்புதான். 'தொடர்புடையவை' என்றே எழுதுங்கள். ('ஸ்ட்ரெய்ன்' என்பதற்குத்தான் 'கால்வழி'. 'திரிபு' வைரஸுக்கு இருக்கட்டும்.)

---

வணக்கம் ஐயா.

'கால்வழி' அருமை. 'பதற்றச் சாயல்' எனக்கும் சரி, அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011இல் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகையை எலிக்கு ஊட்டிய ஆய்வில் நீச்சல் சோதனையும் வைத்தார்கள், அது மனச்சோர்வு பற்றியது. மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பை அறுத்த எலிகளில், பாக்டீரியாவால் பதற்றமும் சோர்வும் தணியும் பலன் கிடைக்கவில்லை என்பதும் அதிலேதான். ஆக அங்கே 'சோர்வுச் சாயல்' என்று போட்டுவிடலாம்.

ஒரே சிக்கல்: பதற்றச் சாயலைக் குறைக்கும் மருந்தை எப்படிச் சொல்வது? 'பதற்றச் சாயல் குறைப்பி' வாயில் நுழையவில்லை. மருந்துக்கு வெறும் 'பதற்றத் தணிப்பி' போதும், அது மனிதருக்கும் தருவதுதானே. அப்படியே கட்டுரையில் சேர்த்துவிடட்டுமா?