10-18 லென்ஸோடு சென்னையில் ஒரு நாள்: கோபுரம் சாய்கிறது, பாதிப் படம் வெறும் தார் ரோடு

கேள்வி: அகலப்பார்வை

வணக்கம். கேனான் 200டி, அதில் 10-18 மி.மீ. எஃப்/4.5-5.6 எஸ்டிஎம். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் முழுக்க இந்த ஒரே லென்ஸில் மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன், ரிப்பன் மாளிகை, நேப்பியர் பாலம் எடுப்பதாகத் திட்டம். 18-55 வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவு.

சோதனைப் படங்களில் மூன்று குறைகள். கபாலீசுவரர் கோயில் கிழக்குக் கோபுரம் பின்னால் மல்லாந்து விழுவதுபோல் இருக்கிறது. கேமராவை நேராகப் பிடித்தால் சாய்வு போய்விடுகிறது, ஆனால் கீழ்ப்பாதி முழுக்க ரோடு. மூன்றாவது, ஓரத்தில் நிற்பவர்களின் முகம் பூசணிக்காய் மாதிரி அகன்றுபோகிறது. லைட்ரூம் மென்பொருளில் லென்ஸ் ப்ரொஃபைல் (லென்ஸின் குறைகளைத் தானாகத் திருத்தும் வசதி) போட்டும் மாறவில்லை. லென்ஸில்தான் கோளாறா? எந்த இடத்துக்கு எந்த நேரம் நல்லது? சிபிஎல் ஃபில்டர் (பளபளப்பைக் குறைத்து வானத்தைக் கறுக்க வைக்கும் போலரைசர்) வாங்கலாமா?

பதில் 1: ரசமட்டம்

லென்ஸில் கோளாறு இல்லை. சென்சாரின் தளம் சுவருக்கு இணையாக இல்லாவிட்டால் செங்குத்துக் கோடுகள் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். எந்த லென்ஸிலும் இதுதான் கதை. 10 மி.மீ.யில் கொஞ்சம் அண்ணாந்தாலே கண்ணில் குத்துகிறது, அவ்வளவுதான்.

அண்ணாக்காமல் எடுக்க எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது கணக்குதான். கட்டட உயரத்தில் 1.5 மீட்டரை (உங்கள் கேமரா உயரம்) கழியுங்கள். கேமரா நெட்டுவாக்கில் இருந்தால் மீதியை 0.9 ஆல் பெருக்குங்கள், படுக்கைவாக்கில் என்றால் 1.34 ஆல். கேனானின் ஏபிஎஸ்-சி சென்சாரில் (உங்கள் 200டியில் உள்ள அளவு), 10 மி.மீ.க்கு மட்டும் இந்த எண்கள்.

கிழக்குக் கோபுரம் சுமார் 37 மீட்டர். நெட்டுவாக்கில் 32 மீட்டர் தள்ளி நின்றால் கலசம் ஃப்ரேமின் மேல் விளிம்பைத் தொடும். படுக்கைவாக்கில் 48 மீட்டர் வேண்டும். விளிம்பை ஒட்டிய கலசம் பார்க்க நெருக்கடியாக இருக்கும், ஆகவே இன்னும் நாலைந்து மீட்டர் பின்னால் போங்கள். ரிப்பன் மாளிகையின் மணிக்கூண்டு 43 மீட்டர். நெட்டுவாக்கில் 37, படுக்கைவாக்கில் 56 மீட்டர். 56 மீட்டரில் ஃப்ரேமின் அகலம் சுமார் 125 மீட்டர் வரும், கட்டடத்தின் நீளம் 85 தான். இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் இருக்கும்.

ரோடு பிரச்சினைக்கு இரண்டு வழி. ஒன்று, வெட்டிவிடுவது. 200டி தருவது 6000 × 4000 பிக்சல். நெட்டுவாக்கில் மட்டமாக எடுத்து, கீழே மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் 4000 × 4000, அதாவது 16 மெகாபிக்சல் மிச்சம். கட்டடப் படத்துக்கென்றே விற்கும் விலையுயர்ந்த ஷிஃப்ட் லென்ஸ் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே.

இரண்டாவது, அந்த இடத்தை நிரப்புவது. நீங்கள் போகும் வாரம் மார்கழி. மாட வீதிகளில் கோலம் இருக்கும். கேமராவை முழங்கால் உயரத்துக்கு, அரை மீட்டருக்கு இறக்குங்கள். அப்போது காலடியிலிருந்து சுமார் 45 செ.மீ.யிலேயே தரை ஃப்ரேமுக்குள் வந்துவிடும். முன்னால் கோலம், பின்னால் கோபுரம். வெறும் ரோடு இருந்த இடத்தில் படத்தின் முக்கால்வாசி விஷயம் வந்து உட்காரும். எல்லாவற்றையும் உள்ளே அடக்குவதற்கு என்று நினைத்து இந்த லென்ஸை வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கிட்டே போனால்தான் இது வேலை செய்யும்.

மட்டம் பார்க்கத் திரையில் கிரிட் கோடுகளைப் போடுங்கள். ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் செருகுகிற சின்ன ரசமட்டம் கிடைக்கும், அது இன்னும் நம்பகம். கொஞ்சம் சாய்ந்துதான் எடுக்க முடிகிறது என்றால் மென்பொருளில் நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது ஓரங்கள் ஆப்பு வடிவில் போய்விடும், ஆகவே இருபுறமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். அதிகமாக நிமிர்த்திய கோபுரம் தலை பெருத்துத் தெரியும். அதற்குக் கொஞ்சம் சாய்வே மேல்.

பதில் 2: தெருக்கோடி

முகம் அகல்வதற்கு லென்ஸ் ப்ரொஃபைல் மருந்தில்லை. ப்ரொஃபைல் சரிசெய்வது பீப்பாய் வளைவையும் (நேர்கோடு வெளிப்பக்கமாக வளைவது) ஓரக் கருமையையும்தான். நேர்கோட்டை நேராகவே காட்டும் எந்த அகல லென்ஸும் ஓரத்தில் உருண்டையான பொருளை வெளிப்பக்கமாக இழுக்கும். படுக்கைவாக்கில் 10 மி.மீ.யில் இடது, வலது விளிம்பில் இந்த இழுப்பு 1.5 மடங்கு, மூலையில் 1.7 வரை. நடுவிலிருந்து விளிம்புக்குப் பாதி தூரத்தில் 1.14 தான், கண்ணுக்குத் தெரியாது. ஆக ஆட்களை ஃப்ரேமின் நடுப்பாதிக்குள் வையுங்கள். ஓரங்களைச் சுவர், தூண், கடைப் பலகை என்று தட்டையான பொருள்களுக்கு ஒதுக்குங்கள். கூட்டத்தில் முடியாதபோது 14-15 மி.மீ.க்கு ஏற்றிக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஷட்டர் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். அகல லென்ஸுக்கு 1/30 விநாடி போதும் என்பது கை நடுக்கத்துக்குச் சொன்னது. ஃப்ரேமுக்குக் குறுக்கே நடக்கிறவருக்கு அது பொருந்தாது. 5 மீட்டர் தள்ளி நடந்தால் 1/125, 3 மீட்டரில் 1/250, ஒரு மீட்டரில் 1/500க்கு மேல் வேண்டும். கிட்டே போகப் போகச் சென்சாரில் உருவம் ஓடும் வேகம் கூடுகிறது, அதனால். லென்ஸில் உள்ள ஐஎஸ் (கை நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு) இதற்கு உதவாது. நிழலான சந்தில் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு) 800, 1600 என்று ஏற்றத் தயங்காதீர்கள். மங்கல் படத்தைவிடப் புள்ளி தெரிகிற படம் பரவாயில்லை.

பூக்காரம்மாவை அரை மீட்டரில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் பேசிவிடுங்கள். இந்த லென்ஸில் தூரத்தில் நின்று தெரியாமல் எடுப்பது நடக்காத காரியம்.

அகலப்பார்வை

கணக்கு புரிந்தது, நன்றி. கோலத்தையும் கோபுரத்தையும் சேர்த்து ஷார்ப்பாக எடுக்க எங்கே ஃபோகஸ் செய்வது? இந்த லென்ஸில் தூர அளவுகோல் இல்லையே. காலை பத்திலிருந்து மூன்று வரை வெயிலில் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

பதில் 3: ரசமட்டம்

10 மி.மீ., எஃப்/8: சுமார் 70 செ.மீ.யில் ஃபோகஸ் வைத்தால் 35 செ.மீ.யிலிருந்து முடிவிலி வரை ஏற்கத்தக்க அளவு தெளிவு. அளவுகோல் இல்லாததால், ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் உள்ள கோலப்புள்ளி ஒன்றில் ஆட்டோஃபோகஸ் செய்துவிட்டு எம்எஃப்புக்கு (கையால் ஃபோகஸ்) மாற்றுங்கள். அதன்பின் வளையத்தில் கை படக் கூடாது. பெரிதாக அச்சிடப் போகிறீர்கள் என்றால் லென்ஸ் துளையை எஃப்/11க்கு மூடி அதே தூரம். எஃப்/16க்குப் போனால் ஒளியின் விளிம்பு விளைவால் (சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவுவது) படம் முழுக்கவே மென்மையாகும். சூரியனை நட்சத்திரமாக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த லென்ஸின் துளையில் 7 இதழ்கள், ஆகவே 14 கதிர் வரும்.

பதில் 4: லிங்கிச்செட்டி

நேரத்துக்கு வருகிறேன். ஜனவரி முதல் வாரத்தில் உதயம் சுமார் 6:30, அஸ்தமனம் 6 மணிக்குச் சற்று முன். கிழக்குக் கோபுரத்தின் முகப்புக்குக் காலை வெயில்தான். மேல் நிலைகளில் முதலில் விழுந்து மெல்ல இறங்கும். 7 முதல் 8:30 வரை அங்கே. தெப்பக்குளம் கோயிலுக்கு மேற்கே இருப்பதால் குளத்தோடு சேர்ந்த படத்துக்கு மாலை வெயில் வேண்டும், காலையில் போனால் கோபுரம் கறுப்பாகத் தெரியும். லஸ் பக்கம் மெட்ரோ வேலைத் தடுப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று முதல் நாளே ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் கடற்கரை நிலையம். அங்கிருந்து பாரிமுனை நடைதான். ஆர்மீனியத் தெருவில் உள்ள ஆர்மீனிய தேவாலயத்துக்கு (1772) முற்பகலிலேயே போய்விடுங்கள். தரையில் பதித்த கல்லறைக் கற்களின் எழுத்து உங்கள் லென்ஸுக்கு ஏற்ற முன்புலம்.

ஜனவரி நண்பகலில் சென்னையில் சூரியன் தலைக்கு நேர் மேலே வராது; தெற்கே சாய்ந்து 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஆகவே லிங்கிச் செட்டி, தம்புச் செட்டி, தங்கசாலைத் தெரு போன்ற வடக்கு-தெற்குத் தெருக்களில் 11:45 முதல் 12:45 வரை தரை வரைக்கும் வெயில் இறங்கும். கிழக்கு-மேற்குச் சந்துகளில் அப்போதும் நிழல்தான். மதிய வெயில் வீண் என்பார்கள், குறுகலான தெருவுக்கு அது பொருந்தாது. வெற்று வானம் ஃப்ரேமில் வந்தால் மீட்டர் ஏமாந்து தெருவை இருட்டாக்கும். ரா ஃபைலில் (சுருக்காத மூலக் கோப்பு), 2 ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்கு) மூன்று படம் எடுத்துவையுங்கள்.

உயர் நீதிமன்ற வளாகத்திலும் ரயில் நிலையங்களிலும் அனுமதியில்லாமல் கேமரா எடுக்காதீர்கள். சிவப்புக் கோபுரங்களை வெளியே சாலையிலிருந்தே எடுக்கலாம்.

ரிப்பன் மாளிகை (1913) தெற்கு பார்த்தது, ஆகவே ஜனவரியில் நாள் முழுக்க முகத்தில் வெயில் இருக்கும். 4:30 மணி சாய்வெயிலில் தூண்களுக்கு ஆழம் வரும். வெள்ளைக் கட்டடம் என்பதால் எக்ஸ்போஷரை +0.7 ஏற்றாவிட்டால் சாம்பல் பூசியதுபோல் ஆகும். அன்றைக்கே குளத்தின் மாலைப் படமும் வேண்டும் என்று அலைந்தால் இரண்டும் கெடும், ஒன்றை விட்டுவிடுங்கள்.

பதில் 5: உப்புக்காற்று

சிபிஎல் வேண்டாம். சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானப் பட்டையைத்தான் அது அதிகம் கறுக்க வைக்கும். உங்கள் லென்ஸ் நூறு டிகிரிக்கு மேல் பார்க்கிறது. வானத்தின் நடுவில் கருநீலத் திட்டு, இருபுறமும் வெளிறல் என்று வரும். பிறகு திருத்துவது கொடுமை.

பதில் 6: லிங்கிச்செட்டி

வானத்துக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைக் கண்ணாடி, ஈரத் தரை, குளத்துத் தண்ணீர் ஆகியவற்றின் பளபளப்பைக் குறைக்க வேறு வழியில்லை. 67 மி.மீ., மெல்லிய விளிம்பு கொண்டது ஒன்று பையில் இருக்கலாம். யூவி ஃபில்டர் மேல் அதை மாட்டினால் 10 மி.மீ.யில் மூலை கறுக்கும், ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

பதில் 7: உப்புக்காற்று

அது சரி. நேப்பியர் பாலம் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும்: சூரியன் மறைந்த 10ஆவது நிமிடத்திலிருந்து 25ஆவது நிமிடம் வரைதான் நீல வானமும் விளக்கும் சமமாக நிற்கும். 5:30க்கே இடம் பிடியுங்கள். பாலத்தின் மேலேயே ட்ரைபாட் வைத்து 10 விநாடி திறந்தால், பேருந்து போகும்போது தளம் அதிர்ந்து வளைவுகள் இரட்டையாகும். பாலத்துக்கு வெளியே கரைப்பக்க நடைபாதையில் வையுங்கள். ட்ரைபாடில் ஐஎஸ் அணைத்துவிடுங்கள். கையில் பிடித்து எடுப்பதானால் ஐஎஸ் போட்டு 1/8, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 800லிருந்து தொடங்கிப் பாருங்கள். ட்ரைபாட் கால் ஒன்று ஃப்ரேமின் கீழே எட்டிப்பார்க்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். காலையில் உங்கள் நிழலும் அப்படித்தான்.

கடற்காற்றில் முன்கண்ணாடியில் உப்புப் படலம் படியும், விளக்குகளைச் சுற்றி மங்கல் வளையம் வந்தால் அதுதான் காரணம். முதலில் ஊதி, பிறகு துணி. ஊதாமல் துடைத்தால் மணல் கீறிவிடும். ஏசி அறையிலிருந்து கிளம்பும்போது கேமராவைப் பையைவிட்டு அரை மணி நேரம் எடுக்காதீர்கள். காலை 6 மணிக்கு முன்கண்ணாடி வியர்த்துவிட்டால் நீங்கள் துடைக்கத் துடைக்க மறுபடி வியர்க்கும்.